கான்டசாவும் கசிந்த ஆயிலும்



இந்தியாவின் 'மசில் கார்' என்று வாகனப் பிரியர்கள் கொண்டாடும் கான்டசாவை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர். எஞ்சினோ ஆரம்பத்தில் நம்ம அம்பாசிடரின் 1489 சி.சி. தான். பி.எம்.சி. கம்பெனியின் 1950-களின் வடிவமைப்பு அது. இசுசு எஞ்சின் பிறகுதான் வந்தது.

குமாரபாளையத்தில் என் மாமாவிடம் அந்தப் பழைய எஞ்சின் வண்டி. போரிங் போட்டுப் புதுசாக்கியும், ஓட்டி வந்து நிறுத்திய இடமெல்லாம் ஆயில் சொட்டும். கேஸ்கட்டை ரெண்டு தரம் மாத்தியாச்சு. "பழைய இரும்புக்குப் போட்றலாங் கண்ணு" என்று மாமா மனசு விட்டுப்போனார்.

அந்தக் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை போல் வெட்டிய பள்ளம்தான், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பிவிடும். பிரீதர் குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் அந்த வழியே வெளியேறும். கழற்றிப் பார்த்தால் குழாய் முழுக்கக் கரி! சுத்தம் செய்ததும் கசிவு அடங்கியது. மிச்சம் ரெண்டு சொட்டு அந்த எஞ்சினின் கூடப்பிறந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, கோளாறைத் தேடுமுன் இயந்திரம் பிறந்த கதையைப் படியுங்கள். கான்டசா உற்பத்தி 2002-ல் நின்றது. மாமாவின் வண்டி இன்றும் காவிரிப் பாலம் தாண்டிப் பவானி போய் வருகிறது.