பொன்னையாற்றங்கரைப் பள்ளிப்படை

வடநாட்டில் சேகாவதி என்னும் பகுதியில், நவல்கட், மண்டாவா முதலிய ஊர்களின் வணிகப் பெருமக்கள் சுவரெங்கும் ஓவியந் தீட்டிய மாளிகைகளை எழுப்பினர். மறைந்த பெரியோர்க்குக் குவிமாடந் தாங்கிய சத்திரி என்னும் நினைவு மண்டபங்களையும் அமைத்தனர். செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டறிந்த நமக்கு முன்னது வியப்பன்று. பின்னதற்கு இணை தமிழரிடத்து உண்டோ எனின், உண்டு. அதுவும் நாம் குடியேறி வாழும் இவ்வட்டாரத்திலேயே உண்டு. பள்ளிப்படை என்பது அதன் பெயர்.

இறந்த அரசரை அடக்கஞ் செய்த இடத்தில் சிவலிங்கம் நிறுவி எடுக்கும் கற்றளியே பள்ளிப்படை. சத்திரியோ திறந்த மண்டபம். பள்ளிப்படை கருவறையும் விமானமும் கொண்ட முழுக் கோயில். புறத்தோற்றத்தால் அதனைப் பிரித்தறிதல் அரிது. கல்வெட்டே காட்டிக் கொடுக்கும். இறப்புத் தீட்டு அணுகலாகாத இடம் கோயில் என்று கருதும் நாட்டில் இவ்வழக்கம் எங்ஙனம் வேரூன்றியது என்பது ஆய்வாளரை இன்றும் மயக்குவதாகும்.

திருக்காளத்திக்கு அருகில் தொண்டைமானாடு என்றோர் ஊர் உளது. பல்லவன் அபராசிதனை வென்று தொண்டைநாட்டைச் சோழர்க்கு உரியதாக்கிய முதலாம் ஆதித்தன் (871–907) இங்கே உயிர் நீத்தான். ஆகவே அவன் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ எனப்பெற்றான். மகன் முதலாம் பராந்தகன் அவ்விடத்தில் ஆதித்தேச்சரம் எடுப்பித்தான். அதற்குக் கோதண்டராமேச்சரம் என்னும் பெயரும் உண்டு. கோதண்டராமன் என்பது ஆதித்தனின் விருதுப்பெயரே. இராகு கேது பரிகாரத்திற்கென்று காளத்திக்கு ஆண்டுதோறும் விரைகின்ற நம்மவருள் எத்துணைப் பேர் இவ்வூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினர்? யானும் நெடுநாள் திருப்பாதிருந்தவனே.

சித்தூர் மாவட்டத்து நீவா ஆறு தெற்கே சென்று பொன்னையாறு என்னும் பெயர் பெறும். அதன் கரையில், இன்றைய வேலூர் மாவட்டத்தில், மேற்பாடி உளது. இவ்வூரின் கதை உருக்கமானது. 949-இல் தக்கோலப் போரில் பராந்தகன் மகன் இராசாதித்தன் யானைமேல் வீழ்ந்துபட்டான். தொண்டைநாடு கைவிட்டுப் போயிற்று. 959-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் இம்மேற்பாடியிலே பாடியமர்ந்திருந்தமை அவனுடைய கர்காடுச் செப்பேட்டால் விளங்குகிறது. அந்த இருண்ட ஆண்டுகளில் சிறிதுகாலமே அரசிருந்தவன் அரிஞ்சயன், இராசாதித்தனின் தம்பி. ஆற்றூரில் துஞ்சிய அவனுக்கு அப்போது நினைவுக்கோயில் எடுக்கும் நிலையில் சோழர் இல்லை போலும்.

அக்கடனைத் தீர்த்தவன் பெயரன். முதலாம் இராசராசன் தன் பாட்டனுக்குப் பள்ளிப்படையாக அரிஞ்சிகை ஈச்சரத்தை இம்மேற்பாடியில் எடுப்பித்தான். அவனது 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அஃதாவது 1014-ஆம் ஆண்டினது, இதனைக் கூறும். தஞ்சையில் வானளாவும் விமானம் எடுத்தவன் இங்குக் கட்டியது மிகச் சிறியது. பகைவன் பாசறை கொண்டிருந்த அதே ஊரில், தோற்ற தலைமுறையின் அரசனுக்குக் கட்டினான் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஊருக்கும் இராசாச்சரயபுரம் என்று தன் விருதுப்பெயரைச் சூட்டினான்.

சித்தூரிலிருந்து புறப்படுவார் ஒரு முற்பகலில் மேற்பாடியைக் கண்டு திரும்பலாம். சோழேச்சரம் என்று கேட்டால் ஊரார் வழி காட்டுவர்.