குப்பைக் கோழியும் களைவோரும்

குறுந்தொகையின் 305-ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராய் நிலைத்துவிட்டது. குப்பைக் கோழியார் என்பது அப்பெயர். காதல் நோயால் நலியும் தலைவி, தன் துன்பத்திற்குக் குப்பைமேட்டில் தனியே பொரும் கோழிகளை உவமை கூறுகின்றாள். அப்போரை மூட்டிவிட்டவர் இலர்; இடைபுகுந்து விலக்குவாரும் இலர். அது தானே ஓய்ந்தால்தான் உண்டு. தன் நோயும் அத்தகையதே, அதனைக் களைவோர் இல்லை என்பது அவள் கூற்று.

இவ்வுவமையின் நயத்தை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர் பலர். உவமைக்கு நிலைக்களனாகிய காட்சியோ, வீட்டுக் கொல்லையில் இரண்டு சேவல் வளர்ப்பார் எவரும் இன்றும் காணக்கூடியது. சேவலின் சினத்தையும் அதற்கு வரும் நோயையும் மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வரலாற்றை நோக்கினால், அது களைவோரைத் தேடிய வரலாறாகவே விளங்கும்.

களத்துக் கோழி

குப்பைக் கோழிக்குக் களைவோர் இல்லை. களத்துக் கோழிக்கோ மூட்டுவோர் பலர். புறப்பொருள் வெண்பாமாலையின் ஒழிபில் 'கோழி வென்றி' என ஒரு துறையே உண்டு. உறையூர்க்குக் கோழி என்னும் பெயர் அமைந்ததும் வீரத்தாலேயே. யானையைச் சேவல் ஒன்று பொருது வென்ற இடம் அது என்பது பழங்கதை. யானைக்கும் கோழிக்கும் பொதுவான 'வாரணம்' என்னும் சொல்லால் சிலப்பதிகாரம் அக்கதையை நயம்படச் சுட்டுகின்றது.

இலக்கியத்தோடு கல்லும் சான்று பகர்கின்றது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், வட தமிழகத்து இந்தளூரிலும் போர்ச்சேவலுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்துள்ளன. இரண்டிலும் சேவலின் உருவமும் பழைய வட்டெழுத்தும் உள்ளன. அரசலாபுரத்துக் கல் மேற்சேரிக் கோழியைக் குறிக்கின்றது. இந்தளூர்க் கல் கீழ்ச்சேரிக் கோழியைக் குறிப்பதோடு, பொற்கொற்றி என்னும் அதன் பெயரையும் காத்து வைத்துள்ளது. மாண்ட வீரனுக்குச் செய்யும் சிறப்பினை மாண்ட சேவலுக்கும் செய்தனர் நம் முன்னோர். சேரிக்குச் சேரி மானத்தைச் சேவலின் கால்முள்ளில் ஏற்றி வைத்த காலம் அது.

சினத்தின் காரணம்

சேவல் சினப்பது தீய குணத்தால் அன்று. வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. மலாயாவின் காட்டோரங்களிலும் தோட்டத்து எல்லைகளிலும் இன்றும் அதன் கூவலைக் கேட்கலாம். அக்காட்டுச் சேவல் தனக்கென ஓர் எல்லை வகுத்து, பெடைகளைச் சூழ வைத்துக் காப்பது. கூவுவது எல்லையை அறிவிக்க. பாய்வது எல்லையைக் காக்க. வீட்டில் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும் குணமும், தண்ணீர் எடுக்க வரும் சிறுவன்மேல் பாயும் குணமும் ஒன்றே.

நார்வே நாட்டு அறிஞர் தொர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளை உற்றுநோக்கி வந்தவர். எந்தக் கோழி எதனைக் கொத்தும், எது எதற்குப் பணியும் என்பதில் ஒரு வரிசை உண்டென அவர் 1922-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். வரிசை நிலைபெற்றுவிட்டால் கூட்டத்தில் பெரிதும் அமைதி நிலவும். அது குலையும்போது போர் மூளும். குப்பைமேட்டுப் போருக்கு அறிவியல் கூறிய விளக்கம் இது.

இதனை உணர்ந்தவர்க்குக் களையும் வழியும் தெரியும். எட்டுப் பத்துப் பெடைகளுக்கு ஒரு சேவல் போதும். புதிய சேவலைத் திடுமெனக் கூட்டத்தில் விடாது, சில நாள் வேலிக்கு அப்பால் கண்ணில் படும்படி வைத்துப் பழக்குதல் வேண்டும். இரையை ஒரே இடத்தில் கொட்டாது பல இடங்களில் வைத்தால் எளிய கோழியும் உண்ணும். கால்முள்ளின் கூர்நுனியை மட்டும் மழுக்கலாம். அடிவரை வெட்டினால் உள்ளிருக்கும் எலும்பு புண்பட்டுக் குருதி பெருகும். ஆளைக் கண்டு பாயும் சேவலை உதைப்பதும் துரத்துவதும் அதன் கண்ணுக்குப் போருக்கு அழைப்பதாகவே தோன்றும். அஞ்சி ஓடினாலோ தான் வென்றதாக எண்ணி மறுநாளும் பாயும். அசையாது நின்று, அது தணிந்தபின் மெல்ல விலகுவதே தக்கது. அவ்வாறும் அடங்காத சேவலைச் சிறுவர் நடமாடும் முற்றத்தில் விடலாகாது. அதன் குறி பெரும்பாலும் சிறுவரின் முகமாய் அமைந்துவிடும்.

கல் எழுப்பப்படாத சாவு

போரில் மாண்ட கோழிக்குக் கல் உண்டு. கொள்ளைநோயில் மாண்ட எண்ணற்ற கோழிகளுக்குக் குழி ஒன்றே உண்டு. பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து முறுகி, சில நாளில் கூட்டம் முழுவதையும் மாய்க்கும் நோயினைத் தமிழ் மக்கள் வெள்ளைக்கழிச்சல் என்பர். 1926-ஆம் ஆண்டில் சாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுக நகரிலும் இந்நோய் ஆராயப்பட்டது. நியூகாசில் நோய் என்னும் உலகப் பெயர் அதனால் வந்தது. இந்தியாவில் அது குமாயூன் மலைநகர் ஒன்றின் பெயரால் இராணிக்கேத் நோய் எனப்படுகின்றது. இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்தே துணை.

பண்ணைக்காரர்க்குத் தடுப்பு மருந்து எளிதாய் எட்டியது. கம்பத்துக் கோழிக்கும் தோட்டத்து வீடுகளின் பின்புறத்துக் கோழிக்கும் எட்டவில்லை. மருந்தைக் குளிரில் வைத்தல் வேண்டும். வெப்பத்தில் அதன் ஆற்றல் கெடும். பகலெல்லாம் மேய்ந்து இரவில் மரத்தில் அடையும் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவதும் அரிது. இக்குறையைக் களைய முற்பட்டோருள் இந்நாட்டு அறிஞரும் இருந்தனர் என்பது பெருமைக்குரியது. செர்டாங்கில் இருந்த மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், ஆஸ்திரேலிய அறிஞரோடு சேர்ந்து, 1980-களில் வீ-4 என்னும் தீங்கற்ற நச்சுயிரி வகையிலிருந்து வெப்பம் தாங்கும் மருந்தினை உருவாக்கி, அதனை இரையில் பூசிக் கொடுத்துப் பார்த்தனர். எல்லாக் கோழியும் ஒரே அளவு உண்பதில்லை ஆதலின் இரை வழியில் குறையும் இருந்தது. பிற்காலத்தில் ஆப்பிரிக்க, ஆசியச் சிற்றூர்கள் பலவற்றில் வெப்பம் தாங்கும் மருந்துகள் கண்ணில் சொட்டாய் இடப்பட்டன. எனினும், ஏழையின் நாலைந்து கோழிகளையும் பொருட்டாக எண்ணி ஆய்வுக்கூடம் இறங்கி வந்தது அப்போதுதான்.

களமும் நோயும் தொடர்பற்றன அல்ல. 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, எல்லை கடந்து திருட்டுத்தனமாய் வந்த சண்டைச் சேவல்களே அதனைக் கொணர்ந்தன என்று கருதப்பட்டது. மூட்டிவிடுவோரின் ஆசைக்குக் குப்பைக் கோழியும் பலியாதல் கூடும் என்பதற்கு இதுவே சான்று. புதிதாய் வந்த கோழியை இரண்டு வாரமேனும் தனித்து வைத்தலும், பல கோழிகள் ஒருசேரச் சாகுமாயின் உண்ணாமலும் விற்காமலும் கால்நடைத் துறைக்கு அறிவித்தலும் அதனால் கடமையாகின்றன.

மற்றொரு குறுந்தொகைப் பாட்டு, 107-ஆவது, சேவலின் கொண்டையைச் செங்காந்தளாகிய தோன்றிப் பூவுக்கு ஒப்பிடுகின்றது. அந்தச் செம்மை மங்கி வெளிறினாலும், நீலம் பாய்ந்தாலும், நோய் அணுகியது எனக் கோழி வளர்ப்பார் அறிவர். நாள்தோறும் காலையில் கொண்டையைப் பார்ப்பவன் நோயை முதலில் காண்பான். சினத்தின் காரணம் அறிந்தவன் போரை மூளாமல் தடுப்பான். குப்பைக் கோழியார் காலத்தில் விலக்குவார் இலர் எனினும், இன்றைய கொல்லையில் அவ்விடம் வெறுமையாய் இருக்க வேண்டுவதில்லை. சேவலை வளர்ப்பவனே அதற்குக் களைவோன்.