திரையில் ஒரு பச்சைப் புள்ளி

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் பலவற்றிலும் ஒரு பழைய ப்ரொஜெக்டர் இருக்கும். படத்தில் இருட்டுக் காட்சி வந்தால் போதும், கதாநாயகன் கன்னத்தில் பச்சையாக ஒரு புள்ளி மினுங்கும். "ஆயுசு முடிஞ்சுது, புதுசு வாங்கிடலாம்" என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புள்ளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் கொள்ளேகால் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கொள்ளேகால் என்றால் பலருக்குப் பட்டு ஞாபகம் வரும், சிலருக்கு மாதேஸ்வரன் மலை. இந்தத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பது நம்மில் பலருக்கே தெரியாது. மொழிவாரிப் பிரிவினையில் மைசூர் மாநிலத்துக்குப் போய், 1997 முதல் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது.

எங்கள் பழைய தலைநகரான கோவைதான் தென்னிந்திய சினிமாவின் தொட்டில்களில் ஒன்று. ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையும் கட்டினார். அந்தக் கருப்பு வெள்ளைச் சுருளில் கீறல் விழுந்தால் திரையிலும் கருப்பு, வெள்ளைக் கோடுதான்.

கொள்ளேகால் கைமாறிய அதே 1956-ல்தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தது. வண்ணம் வந்ததும் கீறலுக்கும் வண்ணம் வந்துவிட்டது! பிறகு பரவலான ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் மூன்று சாய அடுக்குகள். மேலே மெஜந்தா, நடுவில் சயான், அடியில் மஞ்சள். மேலடுக்கு மட்டும் கீறினால் திரையில் பச்சைக் கோடு. இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள். மூன்றும் போனால் வெள்ளை. சின்ன ஊர்களுக்குப் பெட்டி வருவதற்குள் பிரிண்ட் பல தியேட்டர்களில் ஓடித் தேய்ந்திருக்கும். "படத்துல மழை பெய்யுது" என்று நாம் கிண்டலடித்தோம். விவரம் தெரிந்த ஆபரேட்டருக்கோ கோட்டின் நிறமே கீறலின் ஆழத்தைச் சொல்லிவிடும்.

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். 1989-ல் எப்சன் நிறுவனம் மூன்று எல்சிடி பேனல்கள் கொண்ட ப்ரொஜெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளக்கின் வெளிச்சத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, நிறத்துக்கு ஒரு பேனல் வழியாக அனுப்பி, ஒரு பட்டகத்தில் மறுபடி சேர்க்கிறார்கள். பச்சைப் பேனலில் தூசி உட்கார்ந்தால், தடுக்கப்பட வேண்டிய வெளிச்சம் அதில் பட்டுச் சிதறிக் கசியும். இருட்டுக் காட்சியில் அது பச்சைப் புள்ளி. சிவப்புப் புள்ளி என்றால் சிவப்புப் பேனல். மறுபடியும் நிறம்தான் விலாசம்.

இன்னொரு வகை டிஎல்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கிய, நுண்ணிய கண்ணாடிகள் நிறைந்த சில்லு அதன் இதயம். ஒரே சில்லு உள்ள வீட்டு மாடலில் ஒரு கண்ணாடி சிக்கிக்கொண்டால் வெள்ளைப் புள்ளி அல்லது கருப்புப் புள்ளி வரும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, சில்லையே மாற்ற வேண்டும்.

உங்களுடையது எல்சிடி என்றால் முழுக் கருப்புப் படம் ஒன்றைப் போடுங்கள். புள்ளி ஊசிமுனை போலக் கூர்மையாக, ஒரே ஒரு சதுரமாக இருந்தால் அது கெட்டுப்போன பிக்சல், சரியாகாது. ஓரம் மங்கிப் பொட்டு மாதிரி பரவியிருந்தால் பெரும்பாலும் தூசி. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது பொட்டு கூர்மையானால், தூசி பேனலை ஒட்டிய கண்ணாடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கேமராவுக்கு விற்கும் ரப்பர் பம்பினால் காற்று நுழையும் வழியில் மெல்ல ஊதுங்கள். சில மாடல்களில் பேனல்களின் மேல்பக்கம் எட்டும்படி மூடி இருக்கும். டப்பாவில் அடைத்த கேஸ் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். சூடான விளக்கருகே தீப்பிடிக்கலாம், திரவம் தெறித்துக் கறையும் விழும். அதற்கும் போகாவிட்டால் பேனல் தொகுதியைப் பிரிக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "புள்ளி இருக்கு" என்று சொல்லாமல் "பச்சைப் பேனல்ல தூசி" என்று சொல்லுங்கள். மொத்தத் தொகுதியையும் மாற்றச் சொல்லிப் புது மெஷின் விலை கேட்பவரிடம் எதிர்க்கேள்வி கேட்க அது உதவும்.

நம் வீடுகளில் சாம்பிராணி, ஊதுவத்தி, தாளிப்புப் புகைக்குக் குறைவில்லை. அத்தனையையும் மின்விசிறி உள்ளே இழுக்கும். அந்தக் கால ஆபரேட்டர் ரீல் மாற்றும்போதெல்லாம் சுருள் ஓடும் வாசலைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவார். நாம் மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டினாலே போதும்.