ஆற்று வளைவில் தங்கிப் போனவர்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே கிளம்பினால் முதலில் வருவது அரியாங்குப்பம். அதைத் தாண்டியதும் நோணாங்குப்பம், சுண்ணாம்பாறு படகுக் குழாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் அங்கே உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு படகேறுகிறார்கள். முகத்துவாரத்து மணல்திட்டில் இறங்கிக் கடலில் கால் நனைத்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். அந்தப் படகுக் குழாமுக்கு வடக்கே, சிறிது தூரத்திலேயே, அரியாங்குப்பம் ஆற்றின் ஒரு வளைவில் வெளியூர்க்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். பெரும்பாலான பயணிகளின் நிகழ்ச்சி நிரலில் அரிக்கமேடு என்னும் அந்த வளைவு இல்லை.

காட்டோரம் தங்கி இயற்கையைப் பார்ப்பது இன்று உலகம் முழுக்கப் பெருந்தொழில். கொரில்லாவைப் பார்க்க உகாண்டாவின் மழைக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்று சொகுசுக் குடில்கள் காத்திருக்கின்றன. அந்தத் தொழிலின் தொடக்கத்தில் ஒரு சின்ன விடுதி இருந்தது. வால்டர் பாம்கார்ட்டெல் என்ற ஜெர்மானியர் 1955-ல் எரிமலைகளின் அடிவாரத்து ஊரான கிசோரோவில் அதை ஏற்று நடத்தத் தொடங்கினார். ஜார்ஜ் ஷாலர், டயான் ஃபாசி போன்ற ஆய்வாளர்கள் அங்கே தங்கினார்கள். மலையில் கொரில்லாவின் தடம் பார்த்து வழிகாட்டியவர் ரூபன் ரவான்சகிரே என்ற உள்ளூர் ஆள். வந்தவர்கள் எழுதிய புத்தகங்கள் உலகப் புகழ் பெற்றன. ரூபனின் பெயர் அந்தப் பக்கங்களுக்குள் சிறிய எழுத்தில் நின்றுவிட்டது. அரியாங்குப்பத்தின் கதையைப் படிக்கும்போதும் இதே ஏற்றத்தாழ்வு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

செஞ்சி மலைப்பக்கம் புறப்படும் சங்கராபரணி கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, மற்றொன்று சுண்ணாம்பாறு. சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் அரிது. அலை நேரே வந்து மணலில் மோதும். அப்படிப்பட்ட கரையில், கடலுக்குப் பக்கத்திலேயே அலை தொடாமல் மரக்கலத்தைக் கட்டிவைக்க ஓர் ஆற்று வளைவு கிடைத்தால் வணிகர்கள் விடுவார்களா? கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, இக்கரையின் துறைகளில் ஒன்றாகப் பொதுகே என்ற பெயரைச் சொல்கிறது. அது அரிக்கமேடுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆம்போரா என்னும் இருகைச் சாடிகளில் திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்தன. இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புத் தட்டுகளும் வந்தன. திரும்பும் நாளைத் தீர்மானித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியா வந்த கப்பல், வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். சரக்கு சேர்க்க, தங்க, சமைக்க, பழுது பார்க்க இடம் வேண்டும். அதை ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். மண்ணிலிருந்து கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உண்டு. கண்ணாடி மணி இழுத்தவர்களும் கல்மணி துளைத்தவர்களும் இங்கேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

பிறகு துறை ஓய்ந்து, மேடாகி, தோப்பானது. 1734-ல் பிரெஞ்சு நிர்வாகக் கடிதம் ஒன்று, பக்கத்து ஊரான வீராம்பட்டினத்தில் மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுப்பதைக் குறிப்பிடுகிறது. 1748-ல் பாஸ்கவன் தலைமையில் வந்த ஆங்கிலப்படை புதுவையை முற்றுகையிடும் முன் அரியாங்குப்பம் கோட்டையோடு மோதியது. ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். வெடிமருந்து வெடித்ததால் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைக் கைவிட்டார்கள். புதுவை மட்டும் விழவில்லை. மழைக்காலமும் நோயும் முற்றுகையைக் கலைத்தன.

இந்த ஆற்றங்கரையில் தங்கியவர்களில் அதிகம் பேசப்படவேண்டிய கூட்டம் அதற்குப் பின் வந்தது. இன்றைய வியட்நாமின் தென்முனைப் பகுதியில் கத்தோலிக்க இறைப்பணிப் பயிற்சிப் பள்ளி ஒன்று 1769-ல் தாக்கி அழிக்கப்பட்டது. அதை நடத்திய பிஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மாணவர்களோடு தப்பி மலாக்கா வந்து, 1770-ல் புதுவை சேர்ந்தார். பள்ளி வீராம்பட்டினம் பக்கத்தில் மறுபடி தொடங்கியது. அகதிகளாக வந்த வியட்நாமியப் பிள்ளைகள் தென்னந்தோப்பில் உட்கார்ந்து இலத்தீன் படித்தார்கள். அவர்களின் துணையோடு பிஞோ 1772–73-ல் வியட்நாமிய–இலத்தீன் அகராதி ஒன்றை எழுதி முடித்தார். தபேர் என்ற ஆயர் அதை அடிப்படையாக வைத்து விரிவாக்கிய அகராதி 1838-ல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சானது. வியட்நாமிய மொழியின் அகராதி வரலாற்றில் இத்தனை முக்கியமான ஏடு உருவானது அரியாங்குப்பம் கொம்யூனின் எல்லைக்குள் என்பது இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டிய செய்தி. அந்தப் பள்ளியை நடத்திய பாதிரிமார் வீட்டின் இடிந்த சுவர்கள்தான் இன்றும் அரிக்கமேட்டில் எழுந்து நிற்கிற ஒரே கட்டடம்.

அரிக்கமேட்டின் மறுபிறப்புக்குக் காரணம் கல்வி அதிகாரிகள் அல்லர், சிறுவர்கள். மழை கழுவிய மண்ணில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் அவர்கள் புதுவையில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேயிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1937 வாக்கில் அப்படி வந்த கல்லொன்றில் ஒரு தலை செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் அடையாளம் கண்டார். பிறகு ஃபோஷே, சுர்லோ என்ற இருவர் 1940-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டினார்கள். கிடைத்தவற்றில் சில அன்றைய பிரெஞ்சு இந்தோசீனாவின் ஹனோய்க்கு அனுப்பப்பட்டன. வியட்நாம் அகதிகள் தங்கிய மண்ணின் பொருள்கள் வியட்நாமுக்கே போய்ச் சேர்ந்தன.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு சாடித் துண்டைக் கண்டு துள்ளி எழுந்தார். அது மத்தியதரைக் கடலோரத்து ஆம்போரா. புதுவைக்கு விரைந்தார், நூலகத்தில் இத்தாலியத் தட்டின் துண்டுகளையும் பார்த்தார். அடுத்த ஆண்டே அகழாய்வு. பிரிட்டிஷ் இந்தியாவின் துறை பிரெஞ்சு மண்ணில், பிரெஞ்சு ஒப்புதலோடு முகாம் போட்டது. நாடெங்கிலுமிருந்து வந்த இளைஞர்கள் மண் அடுக்குகளைப் படித்து எழுதக் கற்றார்கள். குழி ஆழமாக ஆக ஆற்றுநீர் ஊறியது. அதை இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். தெற்குப் பகுதியில் 150 அடிக்கு மேல் நீண்ட ஒரு செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. வீலர் அதைச் சரக்குக் கிடங்கு என்றார். வடக்கே தொட்டிகளும் வடிகால்களும் கிடைத்தன. துணிக்குச் சாயம் தோய்த்த இடம் என்பது அவர் கணிப்பு. 1946-ல் வந்த அவருடைய அறிக்கை, தென்னிந்திய மண் அடுக்குகளுக்குக் காலம் குறிக்க ஒரு நங்கூரம் தந்தது. இத்தாலியத் தட்டின் வயது தெரியும். ஆகவே அதோடு ஒரே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானையின் வயதும் தெரிந்தது.

ஆனால் வீலரின் கதையில் யவனர் வந்த பிறகுதான் ஊருக்கு உயிர் வருகிறது. அவர் மனக்கண்ணில் கண்ட பழைய அரிக்கமேடு, மீன் பிடித்துப் பனை ஏறிக் காலம் தள்ளிய ஒரு சிற்றூர். அவருக்குப் பின் ழான்-மரி கசால் என்ற தொல்லியலாளர் 1947 முதல் 1950 வரை தோண்டினார். விமலா பெக்லியின் தலைமையில் பென்சில்வேனியா, சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1989 முதல் 1992 வரை தோண்டின. பெக்லியின் ஆய்வு அந்தப் படத்தை மாற்றியது. ரோமச் சரக்கு வருமுன்பே இங்கே ஊர் இருந்தது. அது நின்ற பின்பும் நெடுங்காலம் இருந்தது. அங்கே கிடைத்த உருளைக்கோட்டுப் பாண்டங்கள் என்னும் மண்கலங்கள் இத்தாலியிலிருந்து வந்தவை அல்ல, இந்த நாட்டிலேயே வனைந்தவை. விருந்தாளியை விடப் பெரியது அவரைத் தாங்கிய ஊர் என்பதைப் பானை ஓடுகளை எண்ணி எண்ணி நிறுவிய அந்த உழைப்புக்குத் தமிழ் வாசகர்கள் மிகவும் கடன்பட்டவர்கள்.

இன்றைய விருந்தாளிகளுக்கு வருவோம். அரியாங்குப்பம் ஆற்றோரமும் தேங்காய்த்திட்டுப் பக்கமும் அலையாத்திக் காடு இருக்கிறது. வெண்கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேல் குச்சி குச்சியாக மூச்சுவேர் நீட்டி நிற்கின்றன. அந்த வேர்களுக்கிடையில் மீன் குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. வீராம்பட்டினத்து வலைகளுக்கு அது நாற்றங்கால். மழைக்காடு அளவுக்கு உயரமோ கொரில்லா அளவுக்குப் புகழோ அதற்கு இல்லை. கழிவுநீர், குப்பை, கரை நெருக்கம் ஆகிய மூன்றும் அதை அழுத்துகின்றன. தெற்கே பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் நிலைமை வேறு. துடுப்புப் படகோட்டிகள் பயணிகளைக் கால்வாய்களுக்குள் அழைத்துப்போய்ப் பிழைக்கிறார்கள். 2022-ல் அந்தக் காடு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது.

காட்டைக் காட்டி ஊரும் பிழைக்கும் இந்தக் கணக்கைக் கொரில்லா நாடுகள் எப்படிப் போட்டன என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. ருவாண்டா 2017-ல் ஓர் ஆளுக்கான அனுமதிக் கட்டணத்தை 750 டாலரிலிருந்து 1,500 டாலராக்கியது. பூங்கா வருமானத்தில் சுற்றுக் கிராமங்களுக்கான பங்கையும் அதே ஆண்டு 5 சதவீதத்திலிருந்து 10 ஆக உயர்த்தியது. ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பார்வையாளர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் உகாண்டாவின் பிவிண்டி 1991-ல் தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். காட்டை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. அந்த மக்களுக்கு நேர்ந்த இழப்பை எந்தக் கட்டணப் பங்கும் ஈடு செய்ததாகச் சொல்ல முடியாது.

அரியாங்குப்பத்தில் யாரையும் வெளியேற்றத் தேவையில்லை. ஆற்றை அறிந்த மீனவர்கள், மணி பொறுக்கிய சிறுவர்களின் பேரப்பிள்ளைகள், ஆடி மாதத்தில் ஊர்கூடி செங்கழுநீர் அம்மன் தேரிழுக்கிற வீராம்பட்டினத்தார் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவரைப் படகில் அலையாத்தி வழியே அழைத்துப்போய், அரிக்கமேட்டில் இறக்கி, பாதிரிமார் வீட்டுச் சுவரைக் காட்டி, இங்கே வியட்நாமிய அகராதி எழுதப்பட்டது என்று சொல்ல அவர்களால் முடியும். அதற்கு வேண்டியவை ஒரு படகுத்துறை, எழுத்துத் தெளிவான பலகைகள், பயிற்சி, கட்டணத்தில் ஊருக்கான பங்கு. வீலரின் குழிகள் மூடப்பட்டுவிட்டன. மேட்டில் இப்போது மாவும் தென்னையும் நிற்கின்றன. அங்கே கிடைத்த சாடிகளும் மணிகளும் புதுச்சேரி நகரத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது அரியாங்குப்பத்துக் கரையில் ஒரு காட்சிக்கூடம் கட்டி வைக்க வேண்டும். அதைத் திறந்து மூடும் சாவி உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும்.