நாட்பட்ட நோவும் உளச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

நோவு உடலைச் சார்ந்ததா, உள்ளத்தைச் சார்ந்ததா என்னும் வினா மேனாட்டு மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் நிலைத்துவந்த ஒன்றாகும். பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டின் நூலொன்று 1664 இல் வெளிவந்தது. தீச்சுட்ட பாதத்திலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பினை, இழுத்தவுடன் மறுமுனையில் மணியை ஒலிக்கச் செய்யும் கயிற்றுக்கு அவர் அதில் ஒப்பிட்டார். காயத்தின் அளவே நோவின் அளவு என்னும் எண்ணத்துக்கு இவ்வுவமை இடமளித்தது. அதனால், காயம் காணப்படாதவிடத்து நோயாளரின் வாக்கே ஐயத்துக்குள்ளாயிற்று.

இவ்வெண்ணத்தை வலுவாக அசைத்தது போர்க்களம் எனலாம். 1944 இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற வீரருட் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டாமையைக் கண்டார். 1946 இல் அதனை எழுதி வெளியிட்டார். 1965 இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகியோர் முன்வைத்த வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கை இதனை விளங்கிக்கொள்ள வழிவகுத்தது. முண்ணாணில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. கவனம், அச்சம், முன்னனுபவம் ஆகியன மூளையின் வழியாக அதனைத் திறக்கவோ மூடவோ வல்லன என்பதே அதன் சாரம்.

இவ்வறிவு முதலிற் சிறப்பு நிலையங்களிலேயே நடைமுறைக்கு வந்தது. சியாற்றில் நகரில் ஜோன் பொனிக்கா 1960களில் வளர்த்த நோவுச் சிகிச்சை நிலையத்தில் வைத்தியரோடு உளவியலாளரும் பணிபுரிந்தனர். அவருள் ஒருவரான வில்பர்ட் போர்டைஸ், மருந்தை நோவெழும்போதன்றிக் குறித்த வேளையிலும், பயிற்சியை நோவு தடுக்கும்வரையன்றிக் குறித்த அளவிலும் வழங்கினார். ஆயினும், வாரக்கணக்கில் வைத்தியசாலையில் தங்கவேண்டியிருந்தமையால் இம்முறை சிலருக்கே கிட்டியது.

பெரும்பாலோர் முதலில் நாடும் பொது வைத்தியரிடம் மருந்துச் சீட்டே முதன்மை பெற்றது. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் அபினிவகை மருந்துகள் தாராளமாக வழங்கப்பட்டமை பலரை அவற்றுக்கு அடிமையாக்கிற்று, உயிரிழப்புகளும் பெருகின. 2009 இல் அந்நாட்டின் முன்னாட் படைவீரர் சுகாதார சேவை, நோவுச் சிகிச்சையின் முதற்படியாக ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பை வகுத்தது. 2021 இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி, வேறு நோயால் விளக்கப்படாத நாட்பட்ட நோவுக்கு அபினிவகை மருந்துகளைத் தொடங்கலாகாதெனக் கூறி, உடற்பயிற்சியையும் உளச் சிகிச்சையையும் எடுத்துரைத்தது.

கொள்கை மாறியபின்னும் நடைமுறை மெதுவாகவே நகர்ந்தமைக்கு நிதியும் ஆளணியும் மட்டுமே காரணமல்ல. சிகிச்சை நடைபெறும் இடத்துக்கும் ஒரு பொருள் உண்டு. எல்லா மருந்தும் பயனற்றபின் உளவியலாளரிடம் அனுப்பப்படுபவர், தம் நோவு பொய்யெனத் தீர்ப்பளிக்கப்பட்டதாகவே உணர்வார். தொடக்கத்திலேயே, தமக்குப் பழகிய வைத்தியரின் நிலையத்தில் அதே சிகிச்சையைப் பெறுபவரோ, தம் நோவு மெய்யென ஏற்கப்பட்டதை உணர்வார். உடலையும் உள்ளத்தையும் பிரித்த பழைய கோடு, ஏடுகளில் அழிந்தபோதும், நிலையங்களின் சுவர்களில் இன்னும் முற்றாக அழிந்திலது.