வேமோர்க்கில் முன்பே நடந்த ஹைட்ரஜன் தொழில்

தூய ஹைட்ரஜனை நாளைய எரிபொருள் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் தொழில், நார்வேயின் ரியூகான் அருகே வேமோர்க்கில் 1929இலேயே பெரிய அளவில் தொடங்கிவிட்டது. அங்கிருந்த நீர்மின் நிலையம் 1911 முதல் இயங்கியது. 108 மெகாவாட் திறனோடு அன்று உலகிலேயே பெரியது. மலைமேல் ஏரியை அணைகட்டித் தேக்கியிருந்ததால் ஆண்டு முழுவதும் மின்சாரம் கிடைத்தது. அதை நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் வரிசை வரிசையான மின்பகுப்புக் கலங்களில் பொட்டாஷ் காரக் கரைசலுக்குள் செலுத்தியது. ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் ஆக்சிஜன்; இரண்டும் கலந்தால் வெடிக்கும் என்பதால் நடுவே கல்நார்த் திரை. அந்த ஹைட்ரஜன் நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியாவாகி, வயலுக்கு உரமானது. இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் நாசவேலைக்கு இலக்கான, அணு ஆய்வுக்குப் பயன்படும் கனநீரும் இந்தத் தொழிலின் துணைப்பொருள்தான். பஞ்சாபின் நங்கல் உர ஆலையும் 1960களில் பக்ரா அணை மின்சாரத்தால் இப்படியே ஹைட்ரஜன் எடுத்தது; இந்தியாவின் முதல் கனநீர் ஆலை 1962இல் அங்குதான் அமைந்தது.

வேமோர்க் ஹைட்ரஜன் ஆலை 1971இல் மூடப்பட்டது. தொழில்நுட்பம் கைவிட்டதால் அல்ல. எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் ஹைட்ரஜன் எடுப்பது மலிவாகிவிட்டது. எரிவாயுவிலிருந்து ஒரு டன் எடுத்தால் ஏறத்தாழ 9 டன் கரியமில வாயு வெளியேறும். அந்தச் செலவு எவர் கணக்கிலும் ஏறவில்லை. ஹைட்ரஜனின் கதியை அன்று முடிவுசெய்தது விலைதான். இன்றும் அதுவே முடிவுசெய்யும்.

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்தபின் பழைய கணக்கு செல்லுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் தராவிட்டால், எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 39 யூனிட்டுக்குக் கீழே போக முடியாதென்பது இயற்கையின் விதி. வேமோர்க்கில் இரவும் பகலும் மின்சாரம் இருந்தது. சூரிய ஒளியை மட்டும் நம்பினால் விலையுயர்ந்த கலங்கள் பாதி நேரத்துக்கும் மேல் சும்மா கிடக்கும். ஆகவே இவ்வளவு பாடுபட்டு எடுப்பதைக் காருக்கும் அடுப்புக்கும் எரிப்பது வீண். அங்கே மின்சாரத்தையே நேராகப் பயன்படுத்தலாம். உரத்துக்கோ ஹைட்ரஜனை விட்டால் வேறு வழியில்லை. இந்தியா 2023இல் ஒப்புதல் அளித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்தது. அதில் முதல் பங்கு உர ஆலைகளுக்குப் போகட்டும். எரிவாயு ஹைட்ரஜனின் புகைக்கும் ஒரு விலை வைக்கட்டும்.