பழைய லேத்தைப் புதுப்பித்தல்: மாட்ஸ்லே முதல் மைஃபோர்டு வரை

பட்டறைகளில் லேத்து என்று வழங்கும் கடைசல் இயந்திரம், உலோகத் துண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் வெட்டுளியை நகர்த்தி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவியாகும். எழுபது, எண்பது ஆண்டு பழைய சிறிய லேத்தை வாங்கி, வீட்டின் பின்புறக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிப்பது இங்கிலாந்தில் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. இதில் ஒரு புதிர் உண்டு. தேய்ந்துபோன லேத்தைச் சரிசெய்ய, அதைவிடத் துல்லியமான வேறோர் இயந்திரம் வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படியானால், துல்லியமான இயந்திரமே இல்லாத காலத்தில் துல்லியமான முதல் லேத்தை எதைக் கொண்டு செய்தார்கள்? இதற்கான விடை தெரிந்தால், வீட்டுக் கொட்டகையில் அந்த வேலை எப்படி முடிகிறது என்பதும் விளங்கிவிடும்.

ஹென்றி மாட்ஸ்லே 1771-ல் லண்டனை அடுத்த வூலிச்சில் பிறந்தவர். பூட்டுச் செய்வதில் பெயர்பெற்ற ஜோசப் பிராமாவின் பட்டறையில் இளம் வயதிலேயே சேர்ந்து, அதன் தலைமைத் தொழிலாளியாக உயர்ந்தார். கேட்ட கூலி உயர்வு கிடைக்காததால் 1797-ல் வெளியேறித் தனிப் பட்டறை தொடங்கினார். அவர் உருவாக்கிய திருகு வெட்டும் லேத்து அக்காலத்தைச் சேர்ந்தது. அவ்வகை லேத்து ஒன்று இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. திருகு வெட்டும் லேத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவரே என்று சில பாடநூல்கள் எழுதுவது சரியன்று. பிரான்சில் வோகான்சன், இங்கிலாந்தில் ராம்ஸ்டன் ஆகியோர் இவருக்கு முன்பே அவ்வழியில் வேலை செய்திருந்தார்கள். உளியைக் கையால் பிடிக்காமல் நகரும் தாங்கியில் பொருத்துவது, அந்தத் தாங்கியை நீண்ட திருகுத் தண்டால் செலுத்துவது, பல்சக்கரங்களை மாற்றி வெவ்வேறு புரிகளை வெட்டுவது ஆகியவற்றை ஒரே உலோக இயந்திரத்தில் சேர்த்து, அன்றாடத் தொழிலுக்கு உகந்ததாக ஆக்கியதே மாட்ஸ்லேயின் பெருமை.

அந்தத் தாங்கி வளையாமல் நேராக நகர வேண்டுமானால், அது நகரும் படுகை சமதளமாக இருக்க வேண்டும். லேத்தின் உயிர் அதன் படுகையில்தான் இருக்கிறது. மாட்ஸ்லே தம் தொழிலாளர்களின் மேசைகளில் சமதளப் பலகைகளை வைத்து, செய்யும் பொருளை அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் செய்தார் என்பர்.

சமதளப் பலகையை எப்படிச் செய்தார்கள்? இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒன்று மேடாகவும் மற்றொன்று அதற்குப் பொருந்தும் குழியாகவும் ஆகிவிடக்கூடும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே சமதளமல்ல. தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்பவர்கள் கண்ணாடியில் குழிவு உண்டாக்குவது இந்த முறையில்தான். இங்கே மூன்றாவது தட்டு ஒன்று தேவைப்படுகிறது. முதல் தட்டு மேடாக இருந்தால், அதற்குப் பொருந்தும் இரண்டாவதும் மூன்றாவதும் குழியாக இருக்கும். குழியும் குழியும் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே மூன்று தட்டுகளையும் மாற்றி மாற்றி, திசை திருப்பியும் ஒப்பிட்டு, எந்த இரண்டை எடுத்தாலும் முழுதும் பொருந்தும் வரை வேலை செய்தால் மூன்றுமே சமதளமாகிவிடும். இதற்கு அளவுகோல் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். வடிவியலும் பொறுமையும் போதும். துல்லியம் பிறந்தது இப்படித்தான்.

மாட்ஸ்லேயிடம் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1840-ல் கிளாஸ்கோவில் சமதளங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அரைப்பொடி தூவித் தேய்ப்பதை விட்டுவிட்டு, மேடுகளைக் கையுளியால் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று. பொடி பரவும் இடமெல்லாம் கட்டுப்பாடின்றித் தேயும். சுரண்டும் உளியோ நாம் விரும்பும் இடத்தில் மட்டும் எடுக்கும். அடுத்த ஆண்டு அவர் முன்வைத்த 55 பாகைத் திருகுப்புரி, பிரிட்டனின் பொதுத்தரம் ஆயிற்று. பழைய ஆங்கில லேத்தைப் பிரிக்கத் தொடங்குபவரை முதலில் தடுத்து நிறுத்துவதும் அதுதான். மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் அதன் நட்டுகளில் சரியாக உட்காராது. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலமன்று, போல்ட்டின் விட்டம்.

லேத்து தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்ததில் 1898-ல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழுக்குப் பெரும் பங்குண்டு. வீட்டில் சிறு நீராவி இயந்திரங்களைச் செய்து பார்ப்போர் அதன் வாசகர்கள். அவர்களுக்கென்றே கில்ஃபோர்டில் டிரம்மண்ட் நிறுவனமும், பின்னர் நாட்டிங்காமை அடுத்த பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனமும் சிறிய லேத்துகளைச் செய்தன. மைஃபோர்டு 1946-ல் வெளியிட்ட எம்.எல்.7 என்ற லேத்தே இன்றும் கொட்டகைகளில் அதிகம் காணப்படுவது. தொழிற்சாலை 2011-ல் மூடப்பட்டது.

எம்.எல்.7 படுகையில் இரண்டு தட்டையான தண்டவாளங்கள் உண்டு. உளியைச் சுமக்கும் சாடில் அவற்றின்மேல் நகரும். பெரும்பாலான வேலை 'சக்'கின் அருகிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் மிகுதி. அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. 'சக்'கின் பக்கம் சாடில் ஆட்டமின்றி நகருமாறு திருகுகளை இறுக்கிவிட்டு, மறுமுனைக்குத் தள்ளிப் பாருங்கள். வழியில் இறுகி நின்றுவிட்டால் படுகை தேய்ந்திருக்கிறது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்குவோர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை.

தேய்ந்த படுகையை உப்புத்தாளால் தேய்த்து மினுக்குவது மிகத் தவறான செயல் என்பேன். துரு போகும், அதோடு இருந்த கொஞ்ச நேர்மையும் போகும். உதிரும் துகள்கள் வார்ப்பிரும்பில் தங்கிப் பின்னும் அரிக்கும். முறையான வழி விட்வொர்த் சொன்னதுதான். சமதளப் பலகையில் பிரஷ்யன் நீலத்தை மெல்லிதாகப் பூசி, பகுதியை அதன்மேல் வைத்து நகர்த்தினால் மேடுகளில் நீலம் ஒட்டும். ஒட்டிய இடங்களை மட்டும் சுரண்டி, மீண்டும் பூசிப் பார்க்க வேண்டும். ஒரு சாடிலுக்கே பல மாலைகள் ஆகும்.

எம்.எல்.7-க்கு இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. சாடிலைப் பக்கவாட்டில் நேராக வைத்திருப்பது முன் தண்டவாளத்தின் இரு பக்கங்கள். அதன் உட்பக்கம் தேய்ந்துபோகும். பின் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சாடில் தொடுவதே இல்லை. ஆகவே அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. சாடிலின் அடியில் ஓர் உலோகப் பட்டையைப் பொருத்தி அந்தத் தேயாத பக்கத்தைத் தொடச் செய்தால், ஐம்பது ஆண்டுத் தேய்மானம் பெரும்பாலும் பொருட்டற்றதாகிவிடும். மைஃபோர்டு நிறுவனமும் 1970-களில் தன் புதிய லேத்துகளில் இந்த அமைப்புக்கே மாறியது.

மாட்ஸ்லேயின் லேத்தில் இப்படி யாரும் கைவைக்கக் கூடாது. அதன் தேய்மானமும் ஒரு சான்று. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட எம்.எல்.7 அப்படியன்று, ஓடினால்தான் அதற்கு மதிப்பு. அதற்குத் தேவைப்படும் புதிய பாகங்கள் பலவற்றை அதிலேயே கடைந்துகொள்ளலாம் என்பது மற்ற இயந்திரங்களுக்கு வாய்க்காத வசதி.

எல்லாம் பூட்டிய பின்னும் ஒரு சோதனை மிச்சமிருக்கும். சமமில்லாத மேசையில் போல்ட் போட்டு இறுக்கினால் வார்ப்பிரும்புப் படுகையும் சற்றே முறுக்கிக்கொள்ளும். தடித்த தண்டு ஒன்றைச் 'சக்'கில் மட்டும் பிடித்து, அதில் இடைவெளி விட்டு இரண்டு வளையங்கள் எழுமாறு செய்துகொள்ள வேண்டும். உளியின் ஆழத்தை மாற்றாமல் இரண்டின்மீதும் மெல்லிய வெட்டு ஒன்றை ஓட்டி, விட்டங்களை மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால், படுகையின் கால் ஒன்றின் அடியில் மெல்லிய தகட்டைச் செருகி இறுக்கி, மறுபடி வெட்டி அளக்க வேண்டும்.